காற்றால் குளிரும் பழைய கார்



யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு முதன்முறையாக வருவோர் இங்குள்ள கோயில்களையும் பனந்தோப்புகளையும் கண்டு வியப்பதுபோலவே, வீதிகளில் ஓடும் பழைய கார்களைக் கண்டும் வியப்பதுண்டு. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலியன பிறநாடுகளிற் பெரும்பாலும் கண்காட்சிச் சாலைகளுக்குள் ஒதுங்கிவிட்டன. இங்கோ அவற்றுட் சில இன்றும் மணமக்களை ஏற்றிச் செல்கின்றன. சந்தைக்குப் போய் மரக்கறியும் ஏற்றி வருகின்றன. "இவற்றை எவ்வாறு காப்பாற்றினீர்கள்?" என்று விருந்தினர் வினவுவர். பழம்பொருளின்மீது நமக்கிருந்த பற்று என்று விடை கூறினால் அது முழு உண்மையாகாது. வேறு வழி இல்லாமையே முதற் காரணம்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபோது யாழ்தேவிப் புகைவண்டி நின்றது. தரைவழி மூடியது. பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. மின்சாரமும் இல்லை. சைக்கிளின் மிதியைச் சுற்றி, டைனமோவிலிருந்து கிடைத்த சிறு மின்னோட்டத்தால் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அந்நாளில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவை பல வேளைகளில் இப்பழைய கார்களே. அவை ஓடியது மண்ணெண்ணெயில்.

மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாவதில்லை. ஆகவே குளிர்ந்த எஞ்சினை அதனால் தொடக்க இயலாது. காபரேற்றருள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட விட்டனர். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் இதனைப் பொறுத்துக்கொண்டன. அமுக்கம் மிகுந்த புதிய எஞ்சின்களாற் பொறுக்க முடியவில்லை. ஆயினும் இதற்கு ஒரு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர்வழியே வடிந்து அடியிலுள்ள ஒயிலுடன் கலந்தது. ஒயில் நீர்த்தது, உராய்வும் வெப்பமும் பெருகின. எஞ்சினின் நலம் பெரும்பாலும் அதன் வெப்பத்தை ஆளுவதிலேயே தங்கியுள்ளது என்னும் பாடத்தை நமது மெக்கானிக்குகள் நூலிற் படித்ததோடு நிற்காமல், தேவையின் நெருக்கடியிலே கற்றுத் தெளிந்தனர்.

அந்தப் பாடத்தை மிகத் தெளிவாகக் கற்பிக்கக்கூடிய கார் ஒன்று உண்டு. அதுதான் வண்டின் வடிவங்கொண்ட வொக்ஸ்வாகன். 1930களில் பேர்டினண்ட் போர்ஷே என்னும் பொறியியலாளர் வடிவமைத்த கார் அது. 1945 இல், குண்டுவீச்சிற் சிதைந்து கிடந்த தொழிற்சாலையை ஐவன் ஹேர்ஸ்ற் என்னும் பிரித்தானிய இராணுவ அதிகாரி மீண்டும் இயங்கச் செய்தார். அன்றுதொட்டு 2003 யூலையில் மெக்சிக்கோ நாட்டில் இறுதிக் கார் வெளிவரும்வரை, 2 கோடியே 15 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. அதன் எஞ்சின் பின்புறத்திலே உள்ளது. அதற்கு றேடியேற்றர் இல்லை; ஒரு துளி நீரும் வேண்டியதில்லை.

எந்தக் காரிலும், எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே சில்லைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. எஞ்சிய வெப்பத்திற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். மற்றைய பகுதியை எஞ்சினின் உடலிலிருந்து நாமே அகற்றியாக வேண்டும். பெரும்பாலான கார்களில் அவ்வேலையைச் செய்வது நீர். குடாநாட்டிலோ நீரால் ஒரு சிக்கல் உண்டு. நமது நிலம் சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. கிணற்று நீர் வன்னீர். கேத்திலின் அடியிற் படியும் அதே வெண்படிவு றேடியேற்றரின் நுண்ணிய குழாய்களிலும் படிந்து அவற்றை அடைத்துவிடும். ஆகவே பழைய ஒஸ்ரினோ மொறிஸோ வைத்திருப்போர் கிணற்று நீரைத் தவிர்த்து, காய்ச்சி வடித்த நீரையோ அதற்கென விற்கப்படும் குளிர்ப்பிகளையோ பயன்படுத்துதல் வேண்டும்.

காற்றால் குளிரும் காருக்கு இத்தொல்லை இல்லை. ஆனால் காற்று நீரைப்போல் வெப்பத்தைச் சுமக்க வல்லதன்று. ஒரு லீற்றர் நீர் சுமக்கும் வெப்பத்தைச் சுமப்பதற்கு 3000 லீற்றருக்கு மேற்பட்ட காற்று வேண்டும். ஆகவே சிலிண்டரைச் சுற்றி மெல்லிய உலோக இதழ்களை வார்த்து, காற்றுப் படும் பரப்பைப் பெருக்கியிருக்கிறார்கள். எஞ்சினின் மேலே ஒரு விசிறி. அது விரைந்து சுழலும்போது வினாடிக்கு ஏறத்தாழ 500 லீற்றர் காற்றைத் தள்ளுகிறது. அக்காற்று வேறெங்கும் சிதறாமல் இதழ்களுக்கிடையே புகுந்து கீழே வெளியேறுமாறு, எஞ்சினைச் சுற்றித் தகரக் கவசங்கள் பொருத்தப்பட்டுள்ளன. எஞ்சின் அறையின் விளிம்பில் ஓர் இறப்பர்ப் பட்டி. மேலே குளிர்ந்த காற்று, கீழே வெப்பக் காற்று. இரண்டும் ஒன்றையொன்று தீண்டலாகாது. அமைப்பின் இரகசியம் இவ்வளவே.

இந்த இரகசியத்தை நான் அறிந்துகொண்டது ஒரு தவற்றினால். 1960களில் வந்த வொக்ஸ்வாகன் ஒன்று பல ஆண்டுகளாக ஒரு கொட்டிலிற் கிடந்தது. அதனை வாங்கி, பள்ளி விடுமுறை நாட்களில் வீட்டு முற்றத்திலேயே திருத்தினேன். நான் கலைப் பட்டதாரி, பொறியியல் படித்தவனல்லன். எஞ்சினை மீண்டும் பூட்டி முடித்தபோது ஒரு பெட்டியில் வளைந்த தகரத் துண்டுகள் சிலவும் காய்ந்துபோன இறப்பர்ப் பட்டியும் எஞ்சின. அவையின்றியே எஞ்சின் இனிதாக ஓடிற்று. அழகுக்காக வைத்தவை போலும் என்றெண்ணிப் பெட்டியை மூடிவிட்டேன்.

சில வாரங்களின்பின் ஒரு நண்பகலில், குடும்பத்தினரையும் ஏற்றிக்கொண்டு ஆனையிறவைத் தாண்டிக் கிளிநொச்சி நோக்கிச் சென்றுகொண்டிருந்தேன். ஒயில் அமுக்கத்தைக் காட்டும் விளக்கு மினுங்கத் தொடங்கியது. நிறுத்தினேன். ஒயில் அளவுகோலை விரலாற் பிடிக்க முடியாத சூடு. அதில் ஒட்டியிருந்த ஒயிலோ நீர்போல் வடிந்தது. இன்னும் சில மைல் ஓடியிருந்தால் எஞ்சின் இறுகிப் பயனற்றுப் போயிருக்கும். பொழுது சாய்ந்தபின் மெல்ல மெல்ல வீடு திரும்பினோம். மறுநாள், தடைக்காலத்திலே தொழில் செய்த முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் எஞ்சினைப் பார்த்தார். பின்பு அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார். "மாஸ்ரர், இதுக்குள்ளை கிடக்கிறது தகரம் இல்லை. உங்கடை றேடியேற்றர்" என்றார்.

நடந்தது இதுதான். கீழிருந்த தகரங்கள் இல்லாமையால் காற்று இதழ்களின் அடிப்பகுதியைத் தொடாமலே நழுவிப் போயிற்று. இறப்பர்ப் பட்டி இல்லாமையால், கீழே வெளியேறிய வெப்பக் காற்று மீண்டும் மேலேறி, விசிறி அதனையே உள்ளிழுத்துக்கொண்டது. சிறு துரும்பும் பல்லுக் குத்த உதவும் என்பதை மாணவர்க்கு எத்தனையோ முறை சொல்லியிருப்பேன். அன்றுதான் நான் கற்றேன். அதன்பின் எந்தப் பாகத்தைக் கழற்றினாலும், மாணவர் வரவு இடாப்பைப்போல ஒரு கொப்பியிற் பெயரெழுதி, பூட்டும்போது ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சரிபார்ப்பது வழக்கமாயிற்று.

வீட்டிலே இத்தகைய காரைத் திருத்த விரும்புவோர் வேலையின் ஒழுங்கை முதலில் வகுத்துக்கொள்ளல் நன்று. முதலிற் கவனிக்கவேண்டியது கறள். குடாநாட்டில் எவ்விடமும் கடலுக்கு அண்மையானதே. உப்புக் காற்றுத் தகரத்தை அரிக்கும். இக்காரிற் கதவுகளின் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவான சட்டங்களும், முன்புறத்தில் மேலதிகச் சில்லு வைக்கும் குழியும், பின்னிருக்கையின் கீழே பற்றரி வைக்கும் தளமும் முதலில் அரிபடும் இடங்கள். புதிய தீந்தை பூசி இவற்றை மறைப்பது தன்னைத்தானே ஏமாற்றுவதாகும். அரிபட்ட பகுதியை வெட்டி, நல்ல தகரம் வைத்து ஒட்டவேண்டும். பற்றரியின் முனைகளுக்கு ஒரு மூடி அவசியம். இருக்கையின் இரும்புச் சுருள் அவற்றைத் தொட்டால் தீப்பற்றும்.

இரண்டாவது பிறேக். பல்லாண்டு நின்ற காரின் இறப்பர்க் குழாய்கள் வெளியே நல்லனபோற் தோன்றினும் உள்ளே வீங்கி அடைபட்டிருக்கும். அவற்றைச் சோதித்துக் காலங்கழிப்பதிலும் மாற்றிவிடுவதே மேல். மூன்றாவது எரிபொருட் குழாய். பெற்றோல் தாங்கி காரின் முன்புறத்தில், எஞ்சின் பின்புறத்தில். இடையே குழாய் காரின் நீளம் முழுவதும் ஓடுகிறது. எஞ்சினருகேயுள்ள நெகிழ்குழாய் வெடித்தால் சூடான எஞ்சின்மேற் பெற்றோல் சிந்தும். இவ்வெஞ்சினின் உடல் மக்னீசியக் கலவையால் ஆனது. மக்னீசியம் எரியத் தொடங்கினால் நீர் ஊற்றலாகாது. தீ மேலும் மூளும். உலர்ந்த மணலே உதவும். எனினும் தீ அந்நிலைக்கு வளருமுன்பே பெற்றோல் நெருப்பை அணைக்கவேண்டும். அதற்காகத் தூள் வகைத் தீயணைப்புக் கருவியொன்று காரில் என்றும் இருக்கட்டும். புதிய குழாய்க்கு ஆகும் செலவோ சிறிதளவே.

எஞ்சினுக்கு வருவோம். அதனைக் கியர்ப் பெட்டியுடன் இணைப்பவை நான்கே பூட்டுகள். நல்ல ஜக் ஒன்று இருந்தால் வீட்டிலேயே இறக்கலாம். ஆனால் மென்மையான உலோகமாகையால், ஆணிகளை வலிந்து இறுக்கினால் புரிகள் கழன்றுபோம். பழைய எஞ்சின்களில் ஒயில் வடிகட்டி இல்லை. ஒரு கம்பி வலை மாத்திரமே உண்டு. கொள்ளும் ஒயிலும் ஏறத்தாழ இரண்டரை லீற்றரே. உராய்வைத் தணிப்பதோடு வெப்பத்தைச் சுமப்பதும் அவ்வொயிலின் கடமையாதலால், 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறையேனும் அதனை மாற்றவேண்டும். மற்றொன்று: டைனமோவைச் சுற்றும் அதே பட்டிதான் விசிறியையும் சுற்றுகிறது. மின்னேற்றத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால், "பற்றரிதானே, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்று ஓட்டிச் செல்லலாகாது. பட்டி அறுந்திருப்பின், குளிர்ச்சியும் அக்கணமே நின்றுவிட்டது.

இனி மேம்படுத்தல். இளைஞர் பலர் முதலில் விரும்புவது வேகத்தை. நான் கூறுவது, ஓடும் வலுவைக் கூட்டுமுன் நிற்கும் வலுவைக் கூட்டுக என்பதே. பழைய பிறேக் அமைப்பில் ஓரிடத்திற் கசிந்தால் நான்கு சில்லுகளின் பிடியும் போய்விடும். 1960களின் பிற்பகுதியில் வந்த இரட்டைச் சுற்று அமைப்பில் ஒரு பாதி பழுதானாலும் மறுபாதி காக்கும். அதனைப் பொருத்துதல் முதற் பணி, ஆசனப்பட்டி இரண்டாவது. 6 வோல்ற் மின்னமைப்பை 12 வோல்ற்றுக்கு மாற்றினால் இரவில் வீதி தெளிவாகத் தெரியும். தீப்பொறியை நேரந்தவறாமல் தரும் இலத்திரனியற் கருவியும் பயனுள்ளது. குளிர்ச்சியிலும் ஒரு திருத்தம் உண்டு. முந்தைய எஞ்சின்களில் ஒயிலைக் குளிர்விக்கும் பகுதி, மூன்றாம் சிலிண்டருக்குச் செல்லும் காற்றின் பாதையிலேயே நின்றது. அதனால் அச்சிலிண்டரே மிகுதியாகச் சூடேறியது. 1970களின் தொடக்கத்தில் அப்பகுதியை விசிறிக் கூட்டின் வெளிப்புறத்துக்கு மாற்றினர். அவ்வமைப்பைப் பழைய எஞ்சினுக்கும் பொருத்தலாம். எஞ்சினையே மாற்றுவோர், பதிவுப் புத்தகத்திலும் அதனை முறைப்படி மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

நேயர்களே, இஃது ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கு என்று சிலர் கருதலாம். 2020 மார்ச் மாதத்தில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடையே 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். இருப்பதைப் பேணத் தெரிந்தவனே அத்தகைய காலத்தைக் கடக்கிறான் என்பதை நாம் இருமுறை கண்டுவிட்டோம். தடைக்காலத்தில் அக்கல்வியைப் பெற்ற மெக்கானிக்குகள் இன்று முதியோராகி வருகின்றனர். அவர்கள் அறிந்தவற்றிற் பெரும்பகுதி எந்த நூலிலும் இல்லை. உங்கள் ஊரில் அத்தகைய ஒருவர் இருந்தால், ஒரு விடுமுறை நாளில் உங்கள் பிள்ளையை அவரிடம் அனுப்பிவையுங்கள். ஸ்பனர் பிடிக்க மட்டுமன்று, எஞ்சிக் கிடக்கும் தகரத் துண்டைக் கையில் எடுத்து, "இது எதற்கு?" என்று கேட்கவும் அப்பிள்ளை பழகட்டும்.