தாத்தா கார்ல என்னதான் இருந்துச்சு?

'என்னதான் சொல்லு, அம்பாஸடர் மாதிரி ஒரு வண்டி வருமா? இரும்புடா அது, இரும்பு!'

இந்த டயலாக்கைக் கேட்காத ஆளே இருக்க முடியாது. விசேஷ வீட்டு வாசலில் புத்தம் புது கார் ஒன்று வந்து நின்றால் போதும்... பெரியப்பாவோ, தாத்தாவோ பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'தகர டப்பா!' என்று தீர்ப்பு எழுதிவிடுவார். பக்கத்தில் நிற்கும் நம்ம பசங்க சும்மா இருப்பாங்களா? 'சன்ரூஃப் இருக்கு, டச் ஸ்க்ரீன் இருக்கு. உங்க வண்டியில என்ன தாத்தா இருந்துச்சு?' என்று எகிறுவார்கள்.

நல்ல கேள்விதான். நிஜமாவே என்ன இருந்துச்சு? அந்தக் காலத்துக் குடும்பக் கார்கள் மூன்றை வரிசையா நிறுத்திப் பார்ப்போம், வாங்க!

மூணு முத்தான வண்டிகள்

முதலில் அம்பாஸடர். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ்தான் இவரோட ஒரிஜினல் அவதாரம். 1950களின் கடைசியில் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் பிறந்து, 2014 மே மாதம் தயாரிப்பு நிற்கும் வரை உருவத்தைப் பெரிசா மாத்திக்கவே இல்லை. ரொம்ப காலம் இவரை இழுத்தது 1489 சி.சி. இன்ஜின்.

அடுத்து, பம்பாய் குர்லாவில் தயாரான ஃபியட் 1100. 1970களில் ராணி பத்மினி பெயரை வாங்கிக்கொண்டு 'ப்ரீமியர் பத்மினி' ஆனார். மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்ஸி என்றாலே இவர்தான். வயசு வரம்பு தாண்டியதால் 2023 அக்டோபரில் அந்த டாக்ஸிகளும் விடைபெற்றன.

மூணாவது நம்ம ஊர் ஆளு... ஸ்டாண்டர்டு ஹெரால்டு! 1961ல் மெட்ராஸ் கம்பெனி ஒன்று இறக்கிவிட்ட வண்டி. முன்பக்கத்தை அப்படியே மொத்தமா முன்னாடி சாய்த்துத் திறக்கலாம். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி இடம் இருந்தால் ஒரு முழு வட்டம் அடிச்சுடுவார். இன்றைய சின்ன கார்களே வெட்கப்படுற சமாச்சாரம் இது.

லிஸ்ட்டைப் பார்த்தீங்களா?

சரி, உள்ளே என்னென்ன வசதி? அம்பாஸடரிலும் பத்மினியிலும் ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். அதனால் முன்னாடியே மூணு பேர் உட்காரும் பெஞ்ச் சீட். கதவோரம் ஒரு முக்கோணக் கண்ணாடி; அதைத் திருப்பி வெச்சா காத்து நேரா முகத்துக்கு வரும். ஏ.சி. இல்லாத குறையைத் தீர்த்துவெச்ச மகராசன்! டிக்கியில் முழு சைஸ் ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் செட். பேட்டரி மக்கர் பண்ணினால், முன்னாடி ஹேண்டிலைச் சொருகிச் சுத்தி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்.

இல்லாதது என்னென்ன? ஏ.சி., பவர் ஸ்டீயரிங், ஹெட்ரெஸ்ட்... எதுவும் கிடையாது. ஆரம்ப கால மாடல்களில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். சீட் பெல்ட்? அப்படின்னா?

இந்த லிஸ்ட்டைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. ஹேண்டில், ஸ்டெப்னி, ஸ்பேனர்... எல்லாமே வண்டியைக் காப்பாத்துற சாமான். உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆளைக் காப்பாத்துற சாமான் ஒண்ணுகூட இல்லை!

அதுக்குக் காரணமும் இருக்கு. அப்போ பணத்தைக் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருந்துதான் கார் வாங்கணும். நடுவழியில் நின்னா உதவிக்கு வர போன் கிடையாது, ஊருக்கு ஊர் சர்வீஸ் சென்டர் கிடையாது. வண்டி ஓடினாலே போதும் என்பதுதான் அன்றைய வேண்டுதல். கம்பெனிகளுக்குப் போட்டியும் இல்லை, 'இதை வை' என்று கேட்கச் சட்டமும் இல்லை.

இத்தனைக்கும் மூன்று புள்ளிகளில் மாட்டும் சீட் பெல்ட்டை வால்வோவின் நில்ஸ் போலின் வடிவமைத்தது 1959ல். மற்ற கம்பெனிகளும் பயன்படுத்திக்கலாம் என்று வால்வோ அனுமதியும் கொடுத்துவிட்டது. இந்தியக் கார்களின் முன் சீட்டுக்கு பெல்ட் கட்டாயமானது 1994ல். நடுவில் முழுசா 35 வருஷம் போயே போச்சு!

இரும்பா, கணக்கா?

'பெல்ட் இல்லாட்டி என்ன... பாடிதான் கெட்டியாச்சே!' என்பார் தாத்தா. மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இங்கேதான் கை அரிக்குது. ப்ளஸ் டூ ஃபிஸிக்ஸ் போதும், பயப்படாதீங்க.

50 கி.மீ. வேகத்தில் போற கார் ஒரு சுவரில் மோதுது. அது கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூணு மாடி உயரத்திலிருந்து, கீழே விழுறதுக்குச் சமம். ரொம்ப கெட்டியான வண்டி 10 செ.மீ.தான் நசுங்குதுன்னு வெச்சுக்குவோம். அந்த 10 செ.மீ.க்குள்ள வேகம் பூஜ்யமாகணும். கணக்குப் போட்டா, புவியீர்ப்பைப் போல சுமார் 98 மடங்கு தாக்கம் வருது. அதே வண்டியின் முன்பக்கம் 60 செ.மீ. நசுங்கினால் 16 மடங்குதான். புரியுதா? பானெட் நசுங்குறது பலவீனம் இல்லை பாஸ், அதுதான் அதோட வேலை! முன்பக்கம் நசுங்கணும், ஆட்கள் இருக்கிற கூண்டு நசுங்கக் கூடாது. இந்த ஐடியாவோட மெர்சிடிஸ் கார் வந்ததும் அதே 1959லதான்.

ஆனா, பெல்ட் போட்டிருந்தால்தான் இந்த 60 செ.மீ. உங்களுக்கும் கிடைக்கும். போடலைன்னா கார் நின்ன பிறகும் நீங்க 50 கி.மீ. வேகத்திலேயே போய் டேஷ்போர்டில் மோதுவீங்க. கெட்டியான கார் மோதலுக்குப் பிறகு டிங்கரிங் கடைக்குப் போய்ப் பழையபடி வந்துடும். உள்ளே இருந்தவருக்கு டிங்கரிங் கடை கிடையாதே!

புதுசு எல்லாம் பத்திரமா?

'அப்போ நாங்கதான் ஜெயிச்சோம்!' என்று காலரைத் தூக்காதீங்க பசங்களா. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய அஞ்சு இந்திய கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மோதிப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் அஞ்சுக்கும் ஸ்டார் பூஜ்யம்! அதே போலோ, இரண்டு ஏர்பேக்குடன் மோதினப்போ 4 ஸ்டார் வாங்கிச்சு. அதாவது, காசு கூடக் கொடுத்தவருக்கு ஒரு நியாயம், பேஸ் மாடல் வாங்கினவருக்கு ஒரு நியாயம்.

அதை மாத்தினது ஷோரூம் இல்லை, சட்டம். 2019ல் ஏ.பி.எஸ். பிரேக்கும் டிரைவர் ஏர்பேக்கும் கட்டாயமாச்சு. பக்கத்து சீட்டுக்கு? புது மாடல்களுக்கு 2021 ஏப்ரலில், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு அந்த வருஷக் கடைசியில். அதனால் 2019க்குப் பிறகு, 2022க்கு முன்னாடி தயாரான கார் உங்க வீட்டில் நின்னா, அப்பாவுக்கு ஏர்பேக் இருக்கும், பக்கத்தில் உட்கார்ற அம்மாவுக்கு இல்லாமலும் இருக்கலாம். சன்ரூஃப் பத்திப் பேசுற நாம இதைப் பார்த்திருக்கோமா?

தாத்தாவுக்கும் மார்க் உண்டு!

இரண்டு விஷயத்தில் அந்தக் காலம் கெத்துதான். ஒண்ணு, ஸ்டெப்னி. இப்போ சில கார்களில் அதுவே இல்லை, பஞ்சர் கிட்தான். இன்னொண்ணு, கையால தடவியே கண்டுபிடிக்கிற பொத்தான்கள். வைப்பர் போட ஸ்க்ரீனைப் பார்த்தா ரோட்டை யார் பார்க்கிறது? ஐரோப்பாவின் யூரோ என்கேப் 2026 விதிகளில், ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ லீவரோ இருந்தால்தான் முழு மார்க் என்று வந்தாச்சு. தாத்தா டேஷ்போர்டுக்கு ஒரு சல்யூட்!

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறீங்களா?

வேலை கிடைச்சதும் நம்மில் பாதிப் பேர் முதலில் வாங்கப்போறது பழைய கார்தான். அப்போ பெயின்ட்டையும் பாட்டு சிஸ்டத்தையும் பார்க்குறதுக்கு முன்னாடி...

* எந்த மாசம், எந்த வருஷம் தயாரானது? ஏர்பேக் ஒண்ணா, இரண்டா?

* சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னாலும், எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் ஏதோ கோளாறு.

* சீட்டுக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிற காருக்குக் கண்ட கவரை மாட்டினால், ஏர்பேக் வெளியே வராமல் மாட்டிக்கும்.

* ஓடுற காரில் சன்ரூஃப் வழியா குழந்தையை நிறுத்தி வேடிக்கை காட்டுறது வேண்டவே வேண்டாம்.

கடைசியா ஒரு வேலை. இன்னிக்குச் சாயங்காலம் உங்க வீட்டுக் காரின் பின் சீட்டில் கையை விட்டுத் தேடிப் பாருங்க. கம்பெனி கொடுத்த பெல்ட்டும் பக்கிளும் சீட் கவருக்கு அடியில் புதைஞ்சு கிடக்கும். முதல்ல அதை வெளியே எடுத்துப் போடுங்க... மத்த ஃபீச்சரை அப்புறம் பேசலாம்!