கையிலே ஒரு ஜி.பி.எஸ். – காசைக் கொடுக்கும் முன்னாடி...



போன பூஜா லீவிலே நாங்க மூணு பேர் கிழக்குத் தாம்பரம் வெயில்லே ரெண்டு மணி நேரம் அலைஞ்ச கதை நம்ம சிவில் டிபார்ட்மென்டுக்கே தெரியும். சீனியர் அண்ணன் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு டிபன் பாக்ஸை ஒளித்து வைத்துவிட்டு, "வடக்கு 12 டிகிரி, 55.512 நிமிடம்" என்று போனில் இடத்தைச் சொன்னார். நாங்களும் இரவல் வாங்கிய ஜி.பி.எஸ். கருவியோடு வீராவேசமாகக் கிளம்பினோம். கருவி காட்டிய இடத்தில் இருந்தது ஒரு பூட்டிய கேட்டும், குரைக்கிற நாயும்தான்! தப்பு யாருடையது? கடைசியில் சொல்கிறேன்.

இந்த விளையாட்டுக்குப் பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை, அட்சரேகை தீர்க்கரேகை எண்களை வைத்து இன்னொருவர் தேடுவது. 2000-ம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது. 100 மீட்டர் வரை தப்பு வரும். மே முதல் தேதி இரவு அதை நிறுத்தினார்கள். மே 3-ம் தேதியே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்து வைத்து விளையாட்டைத் துவக்கிவிட்டார்.

கருவி எப்படி வேலை செய்கிறது? சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டே நேரத்தை ஒலிபரப்புகின்றன. சிக்னல் கிளம்பிய நேரம், வந்து சேர்ந்த நேரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் தூரம் கணக்காகிறது. ஒரு மைக்ரோ செகண்டு தப்பினால் 300 மீட்டர் போச்சு! அதனால்தான் மூன்று போதாமல், கருவியின் கடிகாரப் பிழையைச் சரிசெய்ய நான்காவது செயற்கைக்கோளும் வேண்டியிருக்கிறது.

சரி, எதை வாங்கலாம்?

முதல் யோசனை: எதையும் வாங்காதீங்க! முதல் நாலு தடவை கையில் இருக்கிற போனிலேயே விளையாடுங்க. போனிலும் ஜி.பி.எஸ். இருக்கு. பிடித்துப்போன பிறகு வாங்கினால் அப்பாவின் காசு வீணாகாது.

இரண்டாவது, பேட்டரி. போனில் சார்ஜ் போனால் வீட்டுக்கு வழி கேட்கவும் போன் இருக்காது. கார்மின் கம்பெனியின் இ-டிரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் பெட்டிக்கடையில் கிடைக்கிற டபுள் ஏ பேட்டரி இரண்டில் ஏறத்தாழ 25 மணி நேரம் ஓடும் என்கிறது கம்பெனி.

மூன்றாவது, திசைகாட்டி. சாதாரணக் கருவிக்கு நீங்கள் நடந்தால்தான் திசை தெரியும். நின்றால் அம்புக்குறி குழம்பும். காந்தத் திசைகாட்டி உள்ளே இருந்தால் நின்ற இடத்திலேயே சரியாகக் காட்டும். 22எக்ஸில் இது கிடையாது, 32எக்ஸில் உண்டு. பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று தேடும்போதுதான் இதன் அருமை தெரியும்.

நான்காவது, எத்தனை அலைவரிசை? உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து கருவியை ஏமாற்றும். எல்1, எல்5 என இரண்டு அலைவரிசை வாங்கும் கருவி இந்த ஏமாற்றத்தை ஓரளவு சமாளிக்கும். நம்ம இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்களும் எல்5-ல் ஒலிபரப்புகின்றன.

ஐந்தாவது, பழைய கருவி வாங்குகிறவர்களுக்கு. கடைக்குள்ளே வைத்துப் பார்க்காதீங்க, மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்க. மாதக்கணக்கில் அணைத்து வைத்த கருவி விழித்துக்கொள்ளச் சில நிமிடம் ஆகும், பொறுமை! அப்புறம் தேதியைப் பாருங்க. ஜி.பி.எஸ். வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபோது பல பழைய கருவிகளில் தேதி சுமார் 20 வருடம் பின்னால் போய்விட்டது.

ஆறாவது, ரொம்ப முக்கியம். வெளிநாட்டில் இருக்கும் என் மாமா, "ஜி.பி.எஸ்.மேப் 66ஐ வாங்கிட்டு வரட்டுமாடா?" என்று கேட்டார். நான் துள்ளிக் குதித்தேன். நல்லவேளை, கடைசியில் இருக்கிற அந்த 'ஐ' என்ன என்று எங்க லெக்சரர் சார் விசாரித்தார். அது இன்ரீச் வசதி. சாதாரண ஜி.பி.எஸ். ரிசீவர் வானொலிப் பெட்டி மாதிரி, கேட்க மட்டும் செய்யும். இன்ரீச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் செய்யும். அரசு அனுமதி இல்லாமல் இதை நம் நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் சிலர் விமான நிலையத்தில் இதோடு பிடிபட்டு வழக்கில் சிக்கியிருக்கிறார்கள். ஒரு எழுத்தைக் கவனிக்காததால் மாமா மாட்டியிருப்பார்!

அதே ஜாக்கிரதை விளையாடும் இடத்திலும் வேண்டும். விமானப்படைத் தளம், ரயில் பாதை, நன்மங்கலம் காப்புக்காடு, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கமெல்லாம் பெட்டி வைக்காதீங்க. கேட்பாரற்றுக் கிடக்கும் டிபன் பாக்ஸைப் பார்த்தால் போலீஸ் வெடிகுண்டு என்றுதான் நினைக்கும். சொந்தக்காரர் சம்மதம் உள்ள இடமே நல்லது.

இப்போ எங்க தப்புக்கு வருகிறேன். அண்ணன் சொன்னது 55.512 நிமிடம், அதாவது 55 நிமிடமும் சுமார் 30.7 விநாடியும். கருவியோ டிகிரி-நிமிடம்-விநாடி முறையில் செட் ஆகியிருந்தது. நண்பன் 55 நிமிடம் 51.2 விநாடி என்று தட்டிவிட்டான். வித்தியாசம் 20 விநாடிக்கு மேல். தரையில் அது 600 மீட்டரைத் தாண்டிவிடும். கருவி பாவம், சொன்ன இடத்துக்குச் சரியாகத்தான் கூட்டிப்போனது! அதேபோல 'டேட்டம்' டபிள்யூ.ஜி.எஸ். 84-ல் இருக்கிறதா என்றும் பாருங்க. நம்ம சர்வே லேபில் இருக்கும் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் முறையில் போட்டவை. அந்த எண்ணை அப்படியே போட்டால் நூறு மீட்டருக்கு மேலேயே தள்ளிப்போகும்.

நண்பர்களே, 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியாவையே அளக்கப் புறப்பட்டது நம்ம பரங்கிமலையிலிருந்துதான். 100 அடி எஃகுச் சங்கிலியை மாற்றி மாற்றி வைத்து, சுமார் ஏழரை மைல் அடிக்கோட்டை வெயிலில் அளந்தார்கள். சங்கிலி வெயிலில் நீளுமே என்று அதற்கும் கணக்குப் போட்டார்கள். அந்த மண்ணில் சர்வே படிக்கிற நாம், கையில் செயற்கைக்கோளே இருந்தும் ஒரு புள்ளியில் கோட்டை விடலாமா?

கருவி எதுவாக இருந்தாலும் வாங்குங்க. அதற்கு முன்னாடி எண்ணைப் படிக்கக் கத்துக்கங்க!