மால்ட்டாவின் நடுநிலைக் கொள்கையும் அதன் பொருளாதாரமும்

மத்தியதரைக் கடலில், இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் மால்ட்டா அமைந்துள்ளது. அதன் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 5.19 லட்சம். அங்கு ஆறுகள் இல்லை, காடுகளும் இல்லை, நிலத்திலிருந்து கிடைப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லே. ஆழமான இயற்கைத் துறைமுகமும், ஜிப்ரால்ட்டருக்கும் சூயஸ் கால்வாய்க்கும் ஏறத்தாழ நடுவே அமைந்த இடமுமே இயற்கை அந்நாட்டுக்கு அளித்துள்ள செல்வம். எனவே அந்நாட்டின் அயல்நாட்டுக் கொள்கையை அதன் வரவு-செலவுக் கணக்கிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

1800ஆம் ஆண்டில் மால்ட்டா பிரிட்டிஷார் வசம் வந்தது. 1814ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை அந்த ஆதிக்கத்தை உறுதி செய்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் இத்தீவு இந்தியாவுக்கான கடல்வழியின் முக்கியக் காவல் நிலையமாயிற்று. 1878இல் ரஷ்யாவுடன் போர் மூளக்கூடும் என்ற நிலை எழுந்தபோது பிரிட்டன் சுமார் 7,000 இந்தியப் படைவீரர்களை மால்ட்டாவில் கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டாம் உலகப் போரில் கடுமையான குண்டுவீச்சையும் உணவு முற்றுகையையும் தாங்கி நின்றதற்காக, 1942 ஏப்ரலில் தீவு முழுமைக்கும் ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது.

விருது வயிற்றை நிரப்பவில்லை. கடற்படையின் கப்பல் பழுதுபார்க்கும் தளமும் படைமுகாம்களுமே தீவின் பெரிய வேலைவாய்ப்பாக இருந்தன. மால்ட்டாவின் வருவாய் அதன் மக்களது உழைப்பைக் காட்டிலும் லண்டனில் வகுக்கப்படும் பாதுகாப்புச் செலவுத் திட்டத்தையே பொறுத்திருந்தது. போர்க்காலத்தில் வேலை பெருகும். சமாதானம் வந்தால் இளைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறுவர். பிரிட்டனுடனேயே இணைந்துவிடலாம் என்ற யோசனை கூட எழுந்தது. 1956இல் அதற்கெனப் பொதுவாக்கெடுப்பு நடத்தியவர், பிற்காலத்தில் பிரிட்டிஷ் படையை வெளியேற்றிய அதே டாம் மின்டாஃப்தான் என்பது வியப்புக்குரியது. வாக்களித்தோரில் பெரும்பான்மையினர் ஆதரித்த போதிலும் அத்திட்டம் நிறைவேறவில்லை. 1957இல் பிரிட்டன் தன் பாதுகாப்புச் செலவைக் குறைக்க முடிவு செய்தது. 1959இல் கப்பல் தளம் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. வாடகைதாரர் வீட்டைக் காலி செய்யப்போகிறார் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

1964 செப்டம்பர் 21இல் மால்ட்டா விடுதலை பெற்றது. அத்துடன் 10 ஆண்டுகளுக்கான பாதுகாப்பு ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. பிரிட்டிஷ் படைகள் தங்குவதற்கு ஈடாகச் சுமார் 5 கோடி பவுன் நிதியுதவி அதே காலத்திற்கு அளிக்கப்படுவதாயிற்று. கொடியும் நாடாளுமன்றமும் சொந்தமாயின; துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களோ பிரிட்டனுடையவை. நேட்டோ அமைப்பின் மத்தியதரைக் கடற்படைத் தலைமையகமும் அங்கேயே இயங்கியது.

1971 ஜூனில் நடந்த தேர்தலில் ஒரே ஓர் இடப் பெரும்பான்மையில் மின்டாஃபின் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. தளத்துக்கான தொகையை வாடகையாகக் கருத வேண்டும் என்றும், வாடகையைச் சந்தை மதிப்பில் தரவேண்டும் என்றும் அவர் வாதிட்டார். நேட்டோ தலைமையகம் அதே ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு மாற்றப்பட்டது. பேச்சுவார்த்தை முறிந்து, படைவீரர்களின் குடும்பங்கள் தீவை விட்டு வெளியேறத் தொடங்கின. அப்போது மின்டாஃபின் கையில் இருந்த துருப்புச்சீட்டு, அத்துறைமுகம் எதிரணிக்குப் போய்விடக் கூடும் என்ற மேற்கு நாடுகளின் அச்சமே. லிபியாவின் நட்பையும் அவர் தேடிக்கொண்டார். முடிவில் 1972 மார்ச் 26இல் புதிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆண்டுக்கு 1.4 கோடி பவுன் தரப்படும், அதில் 52.5 லட்சம் பவுனைப் பிரிட்டன் ஏற்கும்; எஞ்சியதை நேட்டோ உறுப்பு நாடுகள் பகிர்ந்துகொள்ளும் என ஏற்பாடாயிற்று. முந்தைய தொகையுடன் ஒப்பிட்டால் இது ஏறக்குறைய மூன்று மடங்காகும். வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகளுக்கு இடமளிப்பதில்லை என்று மால்ட்டாவும் உறுதி கூறியது.

தொகையைக் காட்டிலும் முக்கியமானது கெடுவாகும். 1979 மார்ச் 31 என்று இறுதி நாள் குறிக்கப்பட்டிருந்தது. அந்த ஏழு ஆண்டுகளுக்குள் வாடகை வருவாய்க்கு மாற்று தேடியாக வேண்டும். 1973இல் தேசிய விமான நிறுவனமும் கப்பல் நிறுவனமும் தொடங்கப்பட்டன. 1972இல் தூதரக உறவு ஏற்பட்ட சீனா, 3 லட்சம் டன் கப்பல்களை ஏற்கவல்ல உலர்துறை ஒன்றை அமைக்க உதவியது. நெசவு, ஆயத்த ஆடை ஆலைகள் பெருகின. சுற்றுலா எல்லாவற்றையும் மிஞ்சியது. 1980இல் ஏறத்தாழ 7 லட்சம் பயணிகள் வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷார். சீருடையில் வந்தவர்கள் போய், அதே நாட்டவர் விடுமுறை உடையில் வந்தனர் எனலாம்.

படை வெளியேறிய பின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? இக்கேள்விக்கு விடை காண நெடுநாள் ஆகவில்லை. 1980 ஆகஸ்டில் மால்ட்டாவுக்காக எண்ணெய்த் துரப்பணத்தில் ஈடுபட்டிருந்த இத்தாலியக் கலத்தை லிபியாவின் போர்ப்படகுகள் தடுத்து நிறுத்தின. நண்பராயிருந்த லிபியாவே எல்லைத் தகராறில் எதிர்நின்றது. அடுத்த மாதமே மால்ட்டா தன்னை நடுநிலை நாடாக அறிவித்தது. அந்நடுநிலைக்கு உத்தரவாதம் அளிக்கவும் நிதியுதவி வழங்கவும் இத்தாலி முன்வந்தது. கடல் எல்லை வழக்கு சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்று 1985 ஜூன் 3இல் தீர்ப்பாயிற்று. சிறிய நாட்டுக்குப் போர்ப்படகைவிடச் சட்டப் புத்தகம் மலிவான ஆயுதம் என்பதை மால்ட்டா முன்னரே உணர்ந்திருந்தது. கடற்படுகை மனிதகுலம் முழுமைக்கும் பொதுச்சொத்து என்ற கருத்தை 1967இல் ஐ.நா. சபையில் முன்வைத்தவர் அதன் பிரதிநிதி ஆர்விட் பார்டோ.

1987இல் நடுநிலை அரசியல் சட்டத்திலேயே இடம்பெற்றது. இதுவும் ஒரு பேரத்தின் விளைவே. 1981 தேர்தலில் அதிக வாக்குகள் பெற்ற தேசியக் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் குறைந்த இடங்களே கிடைத்தன. வாக்குப் பெரும்பான்மைக்கு ஆட்சி என்ற விதியை அக்கட்சி கேட்டது. நடுநிலை விதியைத் தொழிற்கட்சி கேட்டது. இரண்டும் ஒன்றாக நிறைவேறின. அணிசேராமையைக் கடைப்பிடிப்பது, எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராதிருப்பது, அந்நிய ராணுவத் தளத்துக்கு இடமளிக்காதிருப்பது ஆகியவை அதில் அடங்கும்.

2003 மார்ச்சில் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர 53.6 சதவீதத்தினர் ஆதரவளித்தனர். 2004 மே 1இல் மால்ட்டா அதன் உறுப்பினராயிற்று; அணிசேரா இயக்கத்திலிருந்து அவ்வாண்டே விலகியது. ஆயினும் அணிசேராமை என்ற சொல் அரசியல் சட்டத்தில் நீடிக்கிறது. நேட்டோவின் சமாதானக் கூட்டுறவுத் திட்டத்தில் 1995இல் சேர்ந்து, 1996இல் ஆட்சி மாறியதும் விலகி, 2008இல் மீண்டும் சேர்ந்ததும் இத்தயக்கத்தின் அடையாளமே. ஒன்றியத்தின் நிரந்தரப் பாதுகாப்புக் கூட்டுறவு ஏற்பாட்டில் டென்மார்க் 2023இல் சேர்ந்த பிறகு, வெளியே நிற்கும் ஒரே உறுப்பு நாடு மால்ட்டாவாகும்.

கப்பல் தளம் 2010இல் இத்தாலிய நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. இரு வல்லரசுகளின் போர்க்கப்பல்களுக்கு அங்கு இடமில்லை என்கிறது 1987ஆம் ஆண்டின் விதி. அவ்விரண்டில் ஒன்று 1991இல் மறைந்துவிட்டது; விதி அப்படியே இருக்கிறது.