எழுத்தும் விற்பனையும் இன்னகையும்

நாவல் ஒன்றைப் படித்து மகிழ்ந்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். அதனை எழுதியவர் எவ்வாறு ஜீவனம் நடத்தினார், அச்சேறிய புத்தகம் எவ்வழியாக நம் கைக்கு வந்து சேர்ந்தது என்று நாம் கேட்பதில்லை. எழுதுவது கலை, விற்பது வாணிகம். இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் பொருந்துமா என்னும் வினா மிகப் பழையது. அதற்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர் ஆர். கே. நாராயண். சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு அவர் வரலாற்றில் தனிப்பட்ட ஓர் உறவும் உண்டு.

நாராயண் 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். இளமையில் புரசைவாக்கத்தில் பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். தந்தையார் மைசூர் சமஸ்தானத்தில் தலைமையாசிரியராக இருந்தமையால் பின்னர் மைசூருக்குச் சென்று, மகாராஜா கல்லூரியில் பயின்று, 1930-இல் பட்டம் பெற்றார். வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், எழுத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே அவர் வாழ்வு அமைந்தது. வெளியூரில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்நிலை புதிதன்று.

பட்டம் பெற்றவர் உத்தியோகத்துக்குப் போவதே அக்கால வழக்கம். நாராயணும் பள்ளி ஆசிரியராக அமர்ந்து பார்த்தார். சில நாட்களிலேயே விட்டுவிட்டார். எழுத்தையே தொழிலாகக் கொள்வது என்று துணிந்தார். பெங்களூரில் பாட்டியார் பார்த்துச் சொன்ன நல்ல நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத உட்கார்ந்தபோது, சிறிய ரயில் நிலையம் ஒன்றுடன் மால்குடி என்னும் ஊர் அவர் மனக்கண்முன் தோன்றியது. எந்தப் பூகோளப் படத்திலும் இல்லாத அவ்வூரிலேயே அவருடைய கதைகளிற் பெரும்பாலானவை நிகழ்ந்தன.

முதல் நாவலாகிய ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ இலண்டன் பதிப்பாளர்களிடம் சென்று சென்று திரும்பிற்று. ஆக்ஸ்போர்டில் இருந்த தம் நண்பருக்கு, அதனைத் தேம்ஸ் நதியில் எறிந்துவிடும்படி நாராயண் எழுதினார். நண்பர் அவ்வாறு செய்யாமல் கிரஹாம் கிரீன் என்னும் ஆங்கில நாவலாசிரியரிடம் காட்டினார். கிரீனின் பரிந்துரையால் 1935-இல் புத்தகம் வெளிவந்தது. வாசகர் நாவில் எளிதில் நிற்குமாறு பெயரைச் சுருக்கிக்கொள்ளச் சொன்னவரும் கிரீனே. நல்ல எழுத்துக்கும் அதைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஒருவர் வேண்டியிருக்கிறது என்பதை இதனால் அறிகிறோம்.

புகழ் வந்ததேயன்றிப் பொருள் வரவில்லை. 1935 முதல் 1938 வரை வெளிவந்த மூன்று நாவல்களை மூன்று வெவ்வேறு பதிப்பாளர்கள் வெளியிட்டார்கள் என்பதே விற்பனை எவ்வாறு இருந்தது என்பதைக் காட்டும். குடும்பச் செலவுக்காகச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு மைசூரிலிருந்து செய்தி அனுப்பினார். நீதிமன்றம், நகரசபை, சந்தை என்று அலைந்து செய்தி திரட்டுவது அவ்வேலை. அச்சான அளவுக்கு ஏற்பவே ஊதியம். அந்த அலைச்சல் வீண்போகவில்லை. வக்கீல் குமாஸ்தாவும் சில்லறை வட்டிக்காரரும் அச்சகத்தாரும் அவருக்குப் பழக்கமானார்கள். பின்னாளில் அத்தகையோரே மால்குடிவாசிகளாகக் குடியேறினார்கள்.

1939-இல் மனைவி ராஜம் டைபாய்டு காய்ச்சலால் காலமானார். சிறு பெண் குழந்தையுடன் தனித்து நின்ற நாராயணுக்கு நெடுநாள் எழுத்து ஓடவில்லை. அத்துயரத்தைக் கடந்துவந்த கதையே 1945-இல் வெளியான ‘தி இங்கிலீஷ் டீச்சர்’. நகைச்சுவை எழுத்தாளர் என்று அவரைச் சொல்லும்போது, அந்நகை எத்தகைய நிலத்தில் விளைந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இரண்டாம் உலகப் போர் மூண்டதால் இலண்டன் தொடர்பு அறுந்தது. நாராயண் சோர்ந்திருக்கவில்லை. 1941-இல் ‘இண்டியன் தாட்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். மோட்டார் கார் விற்பனையில் கைதேர்ந்த அவருடைய மாமா ஒருவர் சென்னையில் சந்தாதாரர்களைச் சேர்த்துத் தந்தார். ஆயினும் பத்திரிகை ஓராண்டுகூட நீடிக்கவில்லை. அதே பெயரில் அவர் ஏற்படுத்திய பதிப்பகமோ நிலைத்தது. தம் நூல்களைத் தாமே வெளியிட்டு, இந்திய வாசகர்களுக்குக் கிடைக்கச் செய்தார். எழுதியவர் விற்பனையைக் கவனிப்பது இழுக்கு என்று கருதுவோர் இன்றும் உளர். உழுதவன் நெல்லைச் சந்தைக்குக் கொண்டுசெல்வது இழுக்கானால் அல்லவா இதுவும் இழுக்காகும்!

இனி அவருடைய நகைச்சுவையின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். அவர் விகடத் துணுக்குகளைத் தேடிப் போவதில்லை. மனிதன் தன்னைப் பற்றி எண்ணியிருப்பதற்கும் அவனுடைய உண்மை நிலைக்கும் இடையே ஒரு சிறு வெளி உண்டு. அங்கேதான் அவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்கிறார். சுவாமியும் நண்பர்களும் கிரிக்கெட் சங்கம் அமைத்து, மட்டையும் பந்தும் அனுப்பும்படி சென்னைக் கடைக்கு எழுதுகிறார்கள். முன்பணம் கேட்டுக் கடைக்காரர் பதில் எழுதுகிறார். அது வேறு யாருக்கோ எழுதிய கடிதம், தவறி வந்துவிட்டது என்று சிறுவர்கள் முடிவு கட்டுகிறார்கள். ‘தி மேன்-ஈட்டர் ஆஃப் மால்குடி’யில் வரும் அச்சகத்தார் நடராஜ் ஒரு நீலத் திரையைத் தொங்கவிட்டிருக்கிறார். அதன் பின்னே பெரிய இயந்திரங்கள் இருப்பதாக வருபவர் எண்ணிக்கொள்ளலாம். பெரிய இயந்திரம் இருப்பதோ அடுத்த அச்சகத்தில். இவர்களைக் கண்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் எள்ளி நகையாட மனம் வருவதில்லை. நம் வீட்டிலும் அத்தகைய திரை ஒன்று தொங்குவதை நாம் அறிவோம் அல்லவா?

அமெரிக்காவில் தங்கியிருந்த காலத்தில் எழுதி 1958-இல் வெளியிட்ட ‘தி கைட்’ நாவலுக்குச் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. அதனைத் திரைப்படமாக்க வந்தவர்களை மைசூரைச் சுற்றியுள்ள இடங்களுக்கு நாராயண் அழைத்துச் சென்று காட்டினார். அவர்களோ ஜெய்ப்பூரையும் உதயப்பூரையும் தேர்ந்துகொண்டார்கள்! தம் ஊர் தம்மிடமிருந்து இவ்வாறு இடம் பெயர்ந்த விந்தையை அவர் வேடிக்கையான கட்டுரையாக எழுதினார். மனத்தாங்கலையும் சிரிப்பாக மாற்றும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது.

மைசூர் யாதவகிரியில் கட்டிய வீட்டில், எழுதுவதற்கென்று பல ஜன்னல்கள் கொண்ட அறை ஒன்றை அமைத்துக்கொண்டார். சாமுண்டி மலையின் காட்சி கண்ணைக் கவர்ந்தது, எழுத்து நின்றது. கனத்த திரையால் ஜன்னலை மறைத்த பிறகே வேலை நடந்ததாம். வீதியில் உலவிக் கண்டதை, திரையை மூடிக்கொண்டு எழுதவேண்டும் என்பது இதன் உட்பொருள் போலும்.

1986-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்ட அவர், பள்ளிச் சிறுவர் முதுகில் சுமக்கும் புத்தகப் பையின் பாரத்தைப் பற்றி அங்கே பேசினார். சுவாமியைப் படைத்தவருக்குப் பொருத்தமான பேச்சே அது. 2001-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் சென்னையில் காலமானார். யாதவகிரி இல்லம் 2016-இல் நினைவு இல்லமாகத் திறக்கப்பெற்றது.

புரசைவாக்கத்தில் வளர்ந்த சிறுவர், மைசூர் வீதிகளில் நடந்து நடந்து, உலகம் தன் ஊராகக் கொண்டாடும் ஓர் ஊரைக் கட்டினார். வந்து சேர்ந்த இடத்தை விருந்தினர்போல் ஒதுங்கி நின்று பாராமல், அதன் கடைக்காரரையும் தபால்காரரையும் அன்புடன் கவனித்தமையே அவருக்கு மூலதனம். டில்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ நாம் வாழும் தெருவிலும் ஒரு மால்குடி இருத்தல் கூடும். மாலையில் கடைத்தெருவுக்குச் செல்லும்போது சற்று மெதுவாக நடந்து பார்ப்போமாக.