கேழ்வரகு சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் நெல் விளைகிற ஊர்களில் மூன்று வேளையும் சோறு என்பது பழக்கம். சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் சிலர் மறுநாளே கேழ்வரகுக் கூழுக்கு மாறி, மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். முதல் காரியம் நல்லது, இரண்டாவது ஆபத்து.

இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்ய மெக்னீசியம் என்ற தாது உப்பு தேவை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது இது சிறுநீரோடு அதிகமாக வெளியேறும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டுப் பட்டியல்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் மெக்னீசியம் சுமார் 19 மில்லிகிராம்தான். தவிடு நீக்காத அரிசியில் 94, கம்பில் 124, கேழ்வரகில் 146. நம் வயலில் விளைந்த சத்தை ஆலையில் தவிடாக்கி மாட்டுக்குப் போடுகிறோம்!

ஆனால் இந்த உப்பு குறைவை ஈடுகட்டுமே தவிர, மாத்திரையின் வேலையைச் செய்யாது. குறைவு இல்லாதவர்கள் மெக்னீசியம், குரோமியம் மாத்திரைகளைக் காசு கொடுத்து வாங்குவதில் பெரிய பலனில்லை.

கேழ்வரகிலும் மாவுச்சத்து உண்டு. நைசாக அரைத்துக் காய்ச்சிய கூழைச் சொம்பு நிறையக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். அடையோ களியோ அளவாக எடுத்து, கூடவே கீரை, பயறு, கொஞ்சம் வேர்க்கடலை சேர்ப்பது நல்லது.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். வயலில் நிற்பவர் அதை வெயில் என்று நினைத்துவிடுவார். சிப்காட்டில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் இதே ஆபத்து. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்கு அழையுங்கள். உணவை மாற்றும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவிடுங்கள், மாத்திரை அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கீரை, இளநீரில் உள்ள பொட்டாசியம் அவர்களுக்கு இதயத்தையே பாதிக்கும். மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

வீட்டுத் தேவைக்கு 10 சென்ட் கேழ்வரகு போதும். 200 கிராம் விதையை மார்கழிக் கடைசியில் நாற்று விட்டு, 18 முதல் 20 நாளில் பிடுங்கி, சம்பா அறுத்த வயலில் தை மாதம் நடலாம். பராமரிப்பு சரியாக இருந்தால் 80 முதல் 100 கிலோ கிடைக்கும். ரகம் பற்றித் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.