திருவிழாவுக்கு முன் ஒரு நடைப்பயணம்
ஜாலான் புசார் வட்டாரத்திற்குப் பிள்ளைகளுடன் வருவோருக்கு

தைப்பூசத் திருநாளில் சிராங்கூன் சாலை வழியே பால்குடமும் காவடியும் ஏந்திச் செல்லும் அடியார்களைக் காணப் பெற்றோரின் தோள்மீது அமர்ந்து வரும் பிள்ளைகள் பலர். கூட்டமும் வெயிலும் அவர்களை விரைவில் களைப்படையச் செய்துவிடுகின்றன. வீடு திரும்பிய பின் கால்வலியும் இரைச்சலும் மட்டுமே பிள்ளையின் நினைவில் நிற்குமாயின், அழைத்து வந்ததன் பயன் பாதியும் கிட்டாது.

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. சிங்கப்பூரில் 1968ஆம் ஆண்டிலிருந்து தைப்பூசம் பொது விடுமுறை நாளாக இல்லை. வார நாளில் விழா வந்தால் பிள்ளைக்குப் பள்ளி, பெற்றோருக்கு வேலை. எனவே, விழாவுக்கு முந்திய சனிக்கிழமை ஒன்றில் இவ்வட்டாரத்தைப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுவது நன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூட்டம் மிகுதியாதலால் சனிக்கிழமைக் காலையே ஏற்றது.

புது உலகத்தின் வாயில்

ஜாலான் புசார் என்பது மலாய் மொழியில் ‘பெரிய சாலை’ எனப் பொருள்படும். இச்சாலையை அடுத்து 1923இல் ‘நியூ வோர்ல்ட்’ என்னும் கேளிக்கைப் பூங்கா தோன்றியது. இன்றைய தாத்தா பாட்டிகளுள் பலர் தம் இளமையில் கண்டு களித்த அப்பூங்கா 1987இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் 2009இல் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி எழுந்தது. பழைய நுழைவாயில் வளைவு இன்றும் அங்கே பேணப்படுகிறது. முதியோரை உடன் அழைத்து வந்தால் அவ்வளைவின் கீழ் நின்று அவர்களே கதை சொல்வர். அருகிலுள்ள டிர்விட் சாலையில் 1929இல் திறக்கப்பட்டுப் பின்னர்ப் புதுப்பிக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கம் பந்தாட்டத்தில் நாட்டமுள்ள சிறுவர்களைக் கவரும்.

பெருமாள் சந்நிதி

கடைத்தொகுதியிலிருந்து சில நிமிட நடையில் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலை அடையலாம். 1851இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து 26 ரூபாய் 8 அணாவுக்கு வாங்கப்பட்ட நிலத்தில் இக்கோயில் அமைந்தது. தொடக்கத்தில் நரசிங்கப் பெருமாள் கோயில் என வழங்கிய இது, 1978இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஐந்துநிலை ராஜகோபுரத்தில் திருமாலின் அவதாரங்களைத் தேடிக் கண்டுபிடிக்குமாறு பிள்ளைகளிடம் சொன்னால் நேரம் போவதே தெரியாது. தைப்பூச ஊர்வலம் இங்கிருந்தே புறப்பட்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலைச் சென்றடைகிறது. தீபாவளியை ஒட்டி நிகழும் தீமிதித் திருவிழாவில் அடியார்கள் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குச் செல்வதும் இவ்வாசலிலிருந்தே.

எருமையும் குதிரையும் விமானமும்

கோயிலுக்குப் பின்புறம் ரேஸ் கோர்ஸ் ரோடு செல்கிறது. 1933ஆம் ஆண்டு புக்கித் தீமாவுக்கு மாற்றப்படும் வரை குதிரைப் பந்தயத் திடல் இங்கேதான் இருந்தது. 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் ஜோசப் கிறிஸ்டியன்ஸ் என்பவர் இத்திடலிலிருந்தே விமானத்தில் பறந்து காட்டினார். சிங்கப்பூர் வானில் பறந்த முதல் விமானம் அதுவே. சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கிய பிள்ளைகளுக்கு இச்செய்தி வியப்பூட்டும்.

தெற்கே நடந்தால் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலைக் காணலாம். மேலும் சென்றால் கெர்பாவ் ரோடு. மலாய் மொழியில் கெர்பாவ் என்றால் எருமை. மாட்டு வணிகம் இங்குச் செழித்திருந்ததை அப்பெயர் நினைவூட்டுகிறது. அச்சாலையிலே பல வண்ணம் தீட்டிய டான் டெங் நியா இல்லம், 1900இல் கட்டப்பட்டது, சிறுவர்களின் கண்ணைப் பறிக்கும்.

கேம்பல் லேனில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் நண்பகல் வெயிலுக்கு நல்ல புகலிடம். அங்குள்ள செட்டிநாட்டுக் கதவு நிலையில் ஆயிரக்கணக்கான நுண்ணிய சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. பின்னர்த் தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் பசியாறலாம். ‘தேக்கா’ என்னும் பெயர் மூங்கில் வளர்ந்த இடத்தைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது என்பதையும் அவ்வேளை சொல்லலாம்.

விழா நாளில்

இவ்வாறு முன்னரே இடங்களை அறிந்த பிள்ளைக்கு விழா நாளில் இரண்டு மணி நேரமே போதுமானது. தைப்பூசப் பால்குடங்கள் முந்திய நாள் நள்ளிரவை ஒட்டியே புறப்படத் தொடங்கிவிடுகின்றன. காவடிகள் மறுநாள் முழுவதும் தொடர்கின்றன. ஆகவே பள்ளி விட்ட பின் மாலையில் அழைத்து வந்தாலும் காட்சிக்குக் குறைவிராது.

பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதிய சீட்டைப் பிள்ளையின் சட்டைப்பையில் வைத்தல் வேண்டும். வழிதவறினால் எங்கே நிற்பது என்பதையும் முன்னரே காட்டிவைத்தல் நலம். குடிநீர் உடனிருக்கட்டும். அலகு குத்துவதைக் கண்டு அஞ்சும் பிள்ளையை வலிந்து பார்க்கச் செய்தல் கூடாது. நேர்த்திக்கடனின் பொருளை எடுத்துரைத்து, சற்றுத் தள்ளி நின்று பால்குடங்களை மட்டும் காட்டினாலும் போதும்.

அவ்வாறு அமைதியாகக் கண்டு சென்ற பிள்ளை, மறு ஆண்டு தானே கேட்கும்: ‘அப்பா, எப்போது தைப்பூசம்?’ அக்கேள்வி பிறந்துவிட்டால், விடுமுறை இல்லாத ஆண்டிலும் அவ்வீட்டில் திருவிழா தவறாது.