மூளையில் புற்றில்லாத கட்டி: முழுவதும் எடுப்பதா, மிச்சம் வைப்பதா?

"கேன்சர் இல்லை" என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்துக்கே உயிர் திரும்புகிறது. "ஆனாலும் ஆபரேஷன் வேண்டும்" என்று அவர் தொடர்ந்தால், எதற்கு என்ற கேள்வி எழும். மண்டையோடு விரிந்து இடம் கொடுக்காது. மெதுவாக வளரும் கட்டியும் மூளையை நெரிக்கும்; வலிப்பு, பார்வை மங்கல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி என்று அது வெளியே தெரியும்.

ஜெனரலின் தலைக்குள்

மூளையுறையில் முளைக்கும் மெனிஞ்சியோமாவே இவ்வகையில் அதிகம் காணப்படுவது. பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. 1922-ல் இதற்குப் பெயரிட்டவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். அதற்கு முன்பே, 1910-ல், லியோனார்டு வுட் என்ற ராணுவ ஜெனரலின் தலையிலிருந்து இப்படியொரு கட்டியை அவர் அகற்றியிருந்தார். வலிப்பால் அவதிப்பட்ட வுட் அதே ஆண்டு தலைமைத் தளபதி ஆனார். பின்னர் பிலிப்பைன்ஸின் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். ஆனால் கட்டி மறுபடி வளர்ந்தது. 1927-ல் மறு அறுவைக்குப் பின் அவர் இறந்தார்.

எவ்வளவு எடுக்கலாம்?

1957-ல் டொனால்டு சிம்ப்சன் வெளியிட்ட ஆய்வில், கட்டியோடு அது ஒட்டியிருந்த உறையும் எலும்பும் அகற்றப்பட்டவர்களில் சுமார் 9 சதவீதத்தினருக்கே கட்டி திரும்பியது. ஒரு பகுதியை விட்டுவைத்தவர்களில் அது சுமார் 44 சதவீதம். எம்ஆர்ஐ இல்லாத காலத்துக் கணக்கு அது. இருந்தாலும் இன்றும் மருத்துவர்கள் சிம்ப்சன் பெயரிலேயே தரம் பிரிக்கிறார்கள்.

அப்படியானால் முழுவதும் எடுத்துவிட வேண்டியதுதானே? மேற்பரப்பில் இருந்தால் சரி. மண்டையோட்டின் அடித்தளத்தில், பார்வை நரம்பையோ பெரிய ரத்தக் குழாயையோ கட்டி பற்றிக்கொண்டிருந்தால், முழுவதும் சுரண்டப்போய் கண் போய்விடலாம். கொஞ்சம் மிச்சம் வைத்து, தேவைப்பட்டால் அதற்குக் குறிவைத்த கதிர்வீச்சு கொடுப்பதே அங்கே விவேகம். "பாதியை விட்டுட்டாரே" என்று டாக்டரை நொந்துகொள்வது பெரும்பாலும் நியாயமில்லை. தொல்லை தராத சிறு கட்டியாக இருந்தால், வயதானவர்களுக்குக் கத்தியே வைக்காமல் ஸ்கேனில் கண்காணிப்பதும் உண்டு.

வீடு திரும்பியபின்

பலர் பழைய வேலைக்கே திரும்புகிறார்கள். அசதியும் கவனக்குறைவும் மட்டும் சில மாதங்கள் நீடிக்கலாம். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. வண்டி ஓட்டவும் டாக்டரின் அனுமதி வேண்டும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் தலைவலி, தையலிலோ மூக்கிலோ தெளிந்த நீர் கசிவு, ஒரு கால் மட்டும் வீங்குதல், மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பயாப்ஸி அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். கட்டியின் தரம் 1-ஆ, 2-ஆ என்பதையும் எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதையும் வைத்தே அடுத்த ஸ்கேன் எப்போது என்று முடிவாகும்.